மன்னித்தவர் என்று பேர் வாங்கியவர்

இருபத்தேழு வருஷம் அந்தத் தெருக்களில் எந்தக் கதவையும் அவர் தட்டியதில்லை. வாசலில் நின்று "மீட்டர்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். "வாங்க வாங்க, நாயைக் கட்டியாச்சு" என்று உள்ளேயிருந்து பதில் வரும். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் படிப்பது அவர் வேலை. எந்த வீட்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, எது பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எந்த இரும்பு மூடியைத் தூக்கினால் கரப்பான்பூச்சி முகத்துக்கு நேரே பறக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊரில் அவருக்குப் பேரே மீட்டர்காரர்தான்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் அதே கதவுகளை முதல்முறையாகக் கையால் தட்டினார். இந்தத் தடவை அவர் பார்த்துக் குறித்துக்கொண்டு போக வரவில்லை, கேட்டு வாங்க வந்திருந்தார். நகரசபைத் தேர்தல். அவர் ஓட்டுக் கேட்டது நர்ஸம்மாவுக்காக.

நர்ஸம்மா பதினெட்டு வருஷம் வார்டு கிளினிக்கில் வேலை பார்த்தவர். ஸ்கூட்டரின் முன்கூடையில் பஞ்சும் மருந்துமாக வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவார். கிளினிக்கை ஊருக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டு, இருந்த கட்டிடத்தைக் கவுன்சிலரின் லாரிகளை நிறுத்தும் கொட்டகையாகக் கொடுப்பது என்று முடிவானபோது மனு எழுதிப் பார்த்தார், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிப் பார்த்தார். கடைசியில் வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார். எதிரே நின்றவர் இரண்டு தடவை ஜெயித்த அதே கவுன்சிலர். ஊர் அவரை லாரிக்காரர் என்றுதான் சொல்லும்.

நர்ஸம்மா வீட்டு முன்னறையில் முதல் கூட்டம் நடந்தது. பதினோரு பேர், ஏழு நாற்காலி. நர்ஸம்மா நின்றுகொண்டே பேசினார்.

"என்னைப் பத்தி ஜனங்க என்ன குறை சொல்றாங்களோ, அதை அப்படியே எழுதிட்டு வாங்க. மழுப்ப வேண்டாம். நிஜமான குறைன்னா ஒத்துக்கலாம். பொய்னா பதில் சொல்லலாம். ஆளுக்கு ஒரு பதில் சொல்லாம எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்."

மீட்டர்காரரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதும் வேலை அவரிடம் வந்தது. ஒரு நீள நோட்டு வாங்கினார். இடது பக்கத்தில் குறை, வலது பக்கத்தில் பதில்.

அவர் கூடப் போனது தையல்காரம்மா. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். நாக்கு அவள் கத்தரிக்கோலைவிடக் கூர்மை. மீட்டர்காரரின் மனைவி அவளுக்குப் பதினைந்து வருஷம் காஜா எடுத்துக் கொடுத்தவள். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் மெஷின் சத்தம் அடங்கிப் போகும். அந்த உரிமையில் அவரை அண்ணே என்பாள்.

"ஊசி போடறவங்களுக்கு எதுக்கு அரசியல்?" என்றார் முதல் தெரு மளிகைக்கடைக்காரர்.

"லாரி ஓட்டறவருக்கு எதுக்கோ அதுக்குத்தான். பத்து வருஷமா அவர் லாரி ஓட்டின ரோட்டைப் பார்த்தீங்களா? குழியில விழுந்தவங்களுக்குக் கட்டுப் போட்டது யாரு?" என்றார் மீட்டர்காரர். கடைக்காரர் சிரித்துவிட்டார். அந்தப் பதில் நோட்டில் ஏறியது.

"அந்தம்மா ஜெயிக்கப் போறதில்லை. ஓட்டு வீணாப் போகும்" என்றார் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார்.

"ஜெயிக்கிற குதிரையைப் பார்த்துக் கட்டறதுக்கு இது பந்தயமா சார்? கிளினிக் வேணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க."

"புருஷன் விட்டுட்டுப் போன பொம்பளைன்னு சொல்றாங்களே" என்று இழுத்தார் இன்னொருவர். இதற்கு மீட்டர்காரர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரம்மா முந்திக்கொண்டாள். "கூடவே இருக்கிற புருஷன் என்னத்தைக் கிழிச்சார்னு உங்க வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கலாமா?" உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் களுக்கென்று சிரித்தது. இந்தப் பதிலை நோட்டில் எழுத வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

"ரொம்பத் திட்டுவாங்க" என்பது நாலு தெருவிலும் வந்த குறை. அதை நர்ஸம்மாவே ஒத்துக்கொண்டார். "ஆமா, திட்டுவேன். மாத்திரை சாப்பிடாதவங்களைக் கொஞ்சவா சொல்றாங்க?" மீட்டர்காரர் அதைக் கொஞ்சம் மெருகேற்றி எழுதினார்: நம்மைத் திட்டுகிறவர் நமக்காக ஆபீசிலும் போய்த் திட்டுவார்.

ஐந்தாவது குறைதான் நெஞ்சைப் பிடித்தது.

"அந்தம்மா அலட்சியத்துல ஒரு உசிரு போச்சே. விசாரணைகூட நடந்ததே. செத்தது உங்க சம்சாரம்தானேய்யா? நீங்களே வந்து நிக்கிறீங்க?"

முதல் தடவை இதைக் கேட்டபோது மீட்டர்காரர் நோட்டைப் புரட்டினார். தையல்காரம்மாதான் பேசினாள். "அதைத்தான் நானும் சொல்றேன். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவரே வந்து நிக்கிறார்னா, அந்தம்மா மேல தப்பு இருக்குமா? யோசிச்சுப் பாருங்க."

வீட்டுக்காரர் மீட்டர்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "பெரிய மனசுய்யா உங்களுக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கதை தெருவுக்குத் தெரு அவர்களுக்கு முன்னால் நடந்தது. மனைவி சாவை மன்னித்துவிட்டு ஓட்டுக் கேட்க வருகிற மனுஷன். பெண்கள் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ஒரு வயசான அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படிப்பா மன்னிச்ச?" என்று கேட்டபோது, "மன்னிச்சுட்டேம்மா, அவ்வளவுதான்" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நோட்டில் ஐந்தாவது குறைக்கு எதிரே வலது பக்கம் காலியாகவே கிடந்தது. "அதுக்குத்தான் நீங்களே போறீங்களே அண்ணே, எழுதுவானேன்?" என்றாள் தையல்காரம்மா.

வீட்டில் மகள் அவரோடு சரியாகப் பேசி இரண்டு வாரமாகியிருந்தது. நர்ஸம்மாவுக்காக நோட்டீசைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய முதல் நாளே வாசலில் மறித்தாள்.

"அம்மாவைக் கொன்னவளுக்கு ஓட்டுக் கேட்கப் போறீங்களா அப்பா?"

"அது அப்படி இல்லம்மா."

"பின்ன எப்படி?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கல்யாணமாகி மூன்று மணி நேரப் பயண தூரத்தில் இருந்தவள் அவள். தாய் போன பிறகு அப்பா தனியாக இருக்கக் கூடாதென்று, புருஷனை வேலை மாற்றிக்கொள்ள வைத்து, தானும் இங்கே ஒரு கூரியர் அலுவலகத்தில் சேர்ந்து, அவருக்காகவே வந்து இருந்தாள்.

தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது லாரிக்காரரின் ஆட்கள் ஒரு நோட்டீஸ் போட்டார்கள். பேச்சு ஒன்றும் இல்லை. ஒரு கடிதத்தின் நகல் மட்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் நர்ஸம்மாவின் மேலதிகாரிக்கு எழுதிய புகார். 'என் தாயின் கால் புண் முற்றிய நிலையிலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி நர்ஸ் சொல்லவில்லை' என்று இருந்தது. கீழே மகளின் கையெழுத்து. அதற்கும் கீழே, சாட்சி என்ற இடத்தில், முத்து முத்தாக அவருடையது.

நாலாவது தெருவில் ஒரு பெண் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்ப்பவள்; வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். குத்திக்காட்டவெல்லாம் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இது உங்க கையெழுத்துதானே? அன்னிக்கு எழுதினது நிஜமா, இன்னிக்குச் சொல்றது நிஜமா?"

தையல்காரம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அந்தப் பெண்ணுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தெருவில் இறங்கி நடந்தார்.

நடந்தது இதுதான். மனைவிக்குச் சர்க்கரை. காலில் ஒரு கொப்புளம் உடைந்து புண்ணாயிற்று. நர்ஸம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்றினார். ஒரு செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்துப் பார்த்தவர், சமையலறைப் பக்கம் அவரைக் கூப்பிட்டு, "நிறம் மாறிடுச்சு. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க" என்றார். மனைவி அதைக் கேட்டுவிட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காலை எடுத்துவிடுவார்கள், என்னைக் கூட்டிப் போகாதீர்கள் என்று அழுதாள். சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தார். புதன்கிழமை காய்ச்சல் அடித்தது. மாத்திரை கொடுத்தார். வியாழக்கிழமை நர்ஸம்மா ஸ்கூட்டரில் வந்து கதவைத் தட்டினார். அவர் உள்ளே தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். திறந்தால் திட்டுவார், ஆம்புலன்சைக் கூப்பிடுவார், சத்தியம் போய்விடும். நர்ஸம்மா நாலைந்து தடவை தட்டினார், கூப்பிட்டார். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் மூச்சு விட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மனைவிக்கு நினைவு தப்பியது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

மகள் ஓடி வந்து, "இவ்வளவு முத்தற வரைக்கும் அந்த நர்ஸ் ஒண்ணும் சொல்லலையா?" என்று கதறியபோது அவர் தலையை ஆட்டினார். "சொல்லலைம்மா." அந்த ஒரு வார்த்தைதான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக நடந்தது. புகார் எழுதும்போது மகள் விட்ட எழுத்துப் பிழைகளை அவர்தான் திருத்திக் கொடுத்தார்.

நாலாவது தெருவிலிருந்து நேரே நர்ஸம்மா வீட்டுக்குப் போனார். முன்னறையில் நர்ஸம்மா மட்டும் உட்கார்ந்து நோட்டீஸ்களை மடித்துக்கொண்டிருந்தார். மீட்டர்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நர்ஸம்மா மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க கதவுக்குப் பின்னாடி நின்னது எனக்குத் தெரியும். செருப்பு வெளியில கிடந்தது."

மீட்டர்காரர் உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம் ஏன் விசாரணையில சொல்லலை?"

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்னு சொன்னேன். எழுத்துல இருக்கான்னு கேட்டாங்க. இல்லை. நீங்க கதவைத் திறக்கலைன்னும் சொல்லியிருக்கலாம். உங்க பொண்ணு எதிர்ல உட்கார்ந்திருந்தா. அம்மா போய் இருபது நாள் ஆகலை. அவளுக்கு மிச்சம் இருந்தது நீங்க ஒருத்தர்தான்." ஒரு கட்டு நோட்டீசை ரப்பர் வளையத்தில் போட்டார். "பெரிய மனசுன்னு நினைச்சுக்காதீங்க. ஆறு மாசம் என்னைப் பழைய ஃபைல் ரூம்ல உட்கார வச்சாங்க. தினமும் உங்களைத் திட்டினேன். என்னையும் திட்டிக்கிட்டேன். பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுக் கதவை உடைச்சிருக்கணும். அதைச் செய்யாம ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போனவ நான்."

நர்ஸம்மா அடுத்த கட்டை எடுத்தார்.

"நீங்க எனக்கு வேலை செய்ய வந்தப்ப, ஏன் வந்தீங்கன்னு யோசிச்சேன்" என்றார் நர்ஸம்மா. "நான் ஜெயிக்கணும்னு வந்தீங்களா, இல்லை உங்க மனசு லேசாகணும்னு வந்தீங்களா?"

"தெரியலைம்மா."

"தெரிஞ்சுக்குங்க. தெருவுல சொல்றதா இருந்தா முதல்ல உங்க பொண்ணுக்கிட்ட சொல்லுங்க. அவ தெருவுல போறவங்க வாயால இதைக் கேட்கக் கூடாது. அப்படி வர்ற ஓட்டு எனக்கு வேண்டாம்."

மறுநாள் காலையில் மகள் அலுவலகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கிளம்பிப் போயிருந்தார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்று ஆரம்பித்தார். அவள் திரும்பவில்லை. அவர் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதுதான் சுலபமாக இருந்தது. பாதியில் இஸ்திரிப்பெட்டி நின்றது. அவள் ஸ்விட்சை அணைத்தாள். அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"எத்தனை நாள்?"

"செவ்வாய், புதன், வியாழன்... வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்."

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருந்தா?"

"நீ வந்தா கூட்டிட்டுப் போயிடுவியோன்னு அம்மா—"

"அம்மா மேல போடாதீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "காய்ச்சல்ல இருந்தவ என்னத்தையாவது சொல்லுவா. நீங்க காய்ச்சல்ல இல்லையே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த லெட்டரை நீங்க படிச்சீங்க. எழுத்துப் பிழை திருத்தினீங்க. அந்தம்மா எதிர்ல உட்கார்ந்திருந்தாங்க, நான் அவங்களை வாய்க்கு வந்தபடி பேசினேன், நீங்க என் பக்கத்துல உட்கார்ந்து என் கையைப் பிடிச்சுட்டு இருந்தீங்க." சட்டையை மடித்தாள், மடித்ததைப் பிரித்தாள். "ரெண்டு வருஷமா அந்தம்மா ஸ்கூட்டர் போற பக்கம் நான் மூஞ்சியைத் திருப்பிட்டுப் போறேன்."

"ஊர்ல சொல்லப் போறேம்மா. உன் பேர் வராம—"

"என் பேரைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம். லெட்டர் எழுதினது நான். அதுக்கு நான் போய்ப் பேசிக்கறேன். உங்க கதையை நீங்க சொல்லுங்க."

கசங்கிய சட்டையையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பம்ப் ஹவுஸ் முனையில் அன்று சாயங்காலம் ஒரு சின்னக் கூட்டம். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். மீட்டர்காரர் மைக்கைக் கையில் வாங்கியபோது சிலர் கைதட்டினார்கள். மன்னித்தவர் பேசப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள். அவர் வாழ்க்கையில் மைக் பிடித்ததில்லை. நெஞ்சுக்கு நேரே டார்ச் மாதிரிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நான் யாரையும் மன்னிக்கலை. மன்னிக்கறதுக்கு அவங்க ஒண்ணும் பண்ணலை. நர்ஸம்மா சொன்னாங்க, நான் கேட்கலை. வந்து தட்டினாங்க, நான் திறக்கலை. என் மனைவி செத்தது என்னால. அவங்க மேல பழியைப் போட்டதும் நான்தான்."

மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். யாரும் கைதட்டவில்லை. பின்னால் இருந்து ஒரு குரல், "யார் எழுதிக் கொடுத்த வசனம்யா இது?" என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சொன்னால் ஐந்தாவது குறை ஒழிந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். ஒழியவில்லை, வேறு உருவம் எடுத்தது. மறுநாள் கதவு தட்டிய இடமெல்லாம், "பொண்டாட்டியைச் சாகவிட்ட ஆளை வச்சு ஓட்டுக் கேட்கறாங்களே, வேற ஆள் கிடைக்கலையா?" என்றார்கள். காபி கொடுத்த வீடுகளில் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பினார்கள். ஒருவர், "அப்ப உங்க பேச்சை இனிமே எதுலதான் நம்பறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் அவருக்கும் பட்டது.

தையல்காரம்மா அன்று அவரோடு வரவில்லை. கடைக்குப் போய்க் கூப்பிட்டார். அவள் மெஷினிலிருந்து எழவில்லை.

"நான் மூணாவது தெருவைப் பார்த்துக்கறேன். நீங்க உங்க பக்கம் பாருங்க."

"சேர்ந்தே போவோமே தங்கச்சி."

"அவ என் கூட்டாளி அண்ணே. அந்த வியாழக்கிழமை நான் சாப்பாடு கொண்டு வந்தேன். தூங்கறான்னு வாசல்லயே வாங்கிட்டு அனுப்பினீங்க." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தூங்கலை இல்லையா அவ?"

"இல்லை" என்றார்.

அதன் பிறகு அவர் தனியாகத்தான் போனார். போதும், இனி போக வேண்டாம் என்று நர்ஸம்மாவே சொன்னார்; அவர் கேட்கவில்லை. கடைசி நாள் வரைக்கும் ஒரு வீடு விடாமல் தட்டினார். திறந்தவர்களிடம் கிளினிக்கைப் பற்றி மட்டும் பேசினார். தன்னைப் பற்றிக் கேட்டால், "ஆமாங்க, அது நான்தான்" என்று சொல்லிவிட்டு நோட்டீசை நீட்டினார். சிலர் வாங்கினார்கள். பிஸ்கட் கம்பெனிப் பெண் வாங்கிப் படித்துவிட்டு, "ம்" என்றாள். அவ்வளவுதான்.

நர்ஸம்மா அறுபத்தோரு ஓட்டில் தோற்றார்.

முடிவு வந்த மறுநாள் மீட்டர்காரர் அவரைப் பார்க்கப் போனார். வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "நான் பேசாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கலாம். இன்னும் நூறு ஓட்டுல தோத்தும் இருக்கலாம். அந்தக் கணக்கைப் போடாதீங்க, விடை வராது." நர்ஸம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அடுத்த வாரத்திலிருந்து பக்கத்து ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்றார். கிளினிக் சாமான்களை அதே வாரம் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரிக்காரரின் லாரியில்தான்.

மகள் நர்ஸம்மா வீட்டுக்குப் போயிருந்தாள் என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தையல்காரம்மா கடையிலிருந்து பார்த்தாளாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனவள் ஒரு மணி நேரம் கழித்து மூக்கு சிவந்து வெளியே வந்தாளாம். உள்ளே என்ன பேசினார்கள் என்று இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. புகாரைத் திரும்பப் பெறுவதாக மகள் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். வேலையை விட்டுவிட்டவர் மேல் இருக்கும் புகாரைத் திரும்பப் பெற வழியில்லை என்று பதில் வந்தது. அதை மேஜைமேல் வைத்திருந்தாள். அவர் படித்தார்.

மகள் வீட்டை விட்டுப் போகவில்லை. போய்விடுவாள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். பெட்டியைக்கூடத் தூசி தட்டி எடுத்து வைத்தார், அவளுக்குச் சிரமம் வேண்டாமே என்று. அவள் அதை மறுபடி பரண்மேல் ஏற்றிவிட்டாள். வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கிறது. அவருடைய ரத்த அழுத்த மாத்திரை தீர்வதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வாங்கி வந்துவிடுகிறாள். மழை வருகிற மாதிரி இருந்தால் குடை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறாள்.

எல்லாம் பேசுகிறாள். "சாப்பாடு மூடி வச்சிருக்கு." "மாத்திரை போட்டாச்சா?" "கதவைச் சாத்திக்குங்க, வர நேரமாகும்." ஆனால் பிறந்து பேச்சு வந்த நாளிலிருந்து அவள் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டிக்கொண்டு வந்த அப்பா என்ற சொல் மட்டும் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. அது வேண்டுமென்றா, அவளை அறியாமலா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவள் கூப்பிட வேண்டியிருந்தால் அவர் இருக்கும் அறை வாசலுக்கே வந்து, அவர் நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் நின்றுவிட்டு, அதற்கப்புறம் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறாள். நிழல் விழுந்தவுடனே அவர் நிமிர்ந்துவிடுகிறார்.